தட்டு ஏந்திய கை

குளச்சலுக்கு மேற்கே நாலு ஊர் தள்ளி, கடலும் கோயிலும் முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கடற்கரை ஊர். அந்த ஊரில் தாய்லாந்துக்காரர்களின் பாஷை பேசத் தெரிந்தவர் ஒரே ஒரு ஆள்தான். துபாயில் பாதி ஆயுசு கிடந்து அரபி பேசித் திரும்பியவர்கள் இருக்கிறார்கள், கப்பலில் போய் உலகம் சுற்றியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'சவாதீ கா' என்று கைகூப்பி, தலையை எவ்வளவு தாழ்த்த வேண்டும், அந்தக் 'கா'வை எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதுவரை தெரிந்து சொல்லக்கூடியவள் ஜெனிலா மட்டும்தான். வலைக் கம்பெனியில் கூலிக்கு வலை முடிகிறவள். வயது முப்பத்திரண்டு. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறியதில்லை.

எதற்காகப் படித்தாள் என்று சொல்லப்போனால் வயிறுதான் எரியும். கட்டிய புருஷன் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான், அதற்காகப் படித்தாள். அவன் ஒழுங்கானவனாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், சொல்ல ஆளும் தேவைப்பட்டிருக்காது.

புருஷன் பெயர் ரிஜோ. பூகெட் தீவில், ஒரு தாய்லாந்துக்காரர் நடத்தும் கடல்மீன் சாப்பாட்டுக்கடையில் சமையல். நம் நாட்டிலிருந்து சுற்றுலா போகிறவர்களுக்குக் காரசாரமாகப் பொங்கிப் போட ஆள் வேண்டும் என்று எடுத்தார்கள். எடுத்துக்கொடுத்தது ஜெனிலாவின் அண்ணன் ததேயுஸ். அவன் அதே கடையில் முன்னாலேயே போய்ச் சேர்ந்து, மீன் வெட்டுவதில் தொடங்கி முதலாளியின் வலது கையாக ஆனவன்.

ததேயுஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா கடலோடு போனபோது ஜெனிலா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. தாயும் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டு விசைப்படகில் ஏறியவன் ததேயுஸ். ஒருநாள் வலையை இழுக்கும் வின்ச்சில் கயிறு சுற்றி இழுத்ததில் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதியோடு போயின. அந்தக் கையோடுதான் தங்கச்சியை நாகர்கோவிலுக்கு பஸ் ஏற்றி காலேஜுக்கு ஒரு வருஷமாவது அனுப்பினான். அதனால் ஜெனிலாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எது சொன்னாலும், "எங்க அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்" என்பாள். கல்யாணத்துக்கும் அப்படித்தான் சொன்னாள். அண்ணன் சரி என்றான், கட்டிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று மைக்கில் சத்தமாக வாசிப்பது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கல்யாணத்தன்று, அவர்கள் ஊர் வழக்கப்படி, மாப்பிள்ளையைக் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை கைபிடித்துக் கூட்டிப்போனவன் மச்சான் ததேயுஸ். அந்த விரல் குறைந்த கையால்தான் ரிஜோவின் கையைப் பிடித்து தங்கச்சிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

ரிஜோ பூகெட்டுக்குப் போன பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு சாக்கு. முதலில் ரூம் சின்னது. பிறகு விசா சிக்கல். அதுவும் தீர்ந்தபோது பாஷை வந்தது.

"இஞ்ச பாஷை தெரியாம ஒரு கட்டு கீர வாங்க முடியாது, கேட்டியா? நீ முதல்ல பாஷையப் படி. நல்லா பேச வந்த பொறவு உன்னையும் பிள்ளையையும் கூப்பிடுதேன்" என்றான் போனில்.

"படிச்சா செரியா கூட்டிட்டுப் போவீங்களா?"

"பின்ன? அடுத்த மாசமே."

ஜெனிலா அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டாள். "அவன் சொல்லுதது செரிதான் மக்கா. பாஷைங்கது பெரிய காரியமாக்கும். நான் இங்க பக்கத்துலதானே இருக்கேன், நீ ஒண்ணுக்கும் வெப்ராளப்படாத" என்றான் ததேயுஸ். அதற்குமேல் அவளுக்கு என்ன யோசனை.

அப்படி ஆரம்பித்தாள். ஒரே சொல் தொண்டையில் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் இன்னொரு பொருள் என்கிற பாஷை அது. வலை முடிகிற கை முடிந்துகொண்டே இருக்கும், காதில் பாட்டுப்போல பாடம் ஓடும், வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருந்து வலை முடியும் ஸ்மிதா, "ஏட்டி, ஜெபமா சொல்லுத? வலையில மீனு விழணும்னு அந்த நாட்டுப் புண்ணியவாளனயும் சேத்துக் கூப்பிடு" என்பாள். கம்பெனியே சிரிக்கும். ஜெனிலாவும் சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து முணுமுணுப்பாள்.

வீடியோவில் மட்டும் படித்தால் நாக்கு திரும்பாது என்று, போன் வழியாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரையும் பிடித்தாள். பெயர் நிட். 'க்ரூ நிட்' என்று கூப்பிட வேண்டும், க்ரூ என்றால் டீச்சர். தெற்குத் தாய்லாந்தில் கடலோர ஊர், ஜெனிலாவின் வயதுதான், மீன்பிடிக்கிற குடும்பம். இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ். இருந்தும் முதல் வகுப்பிலேயே ஒட்டிக்கொண்டது. 'சாப்பிட்டாயா' என்றுதான் அங்கேயும் நலம் விசாரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஜெனிலாவுக்கு பாதி பயம் போய்விட்டது. அங்கேயும் மரச்சீனிக் கிழங்கு, அங்கேயும் தேங்காய், அங்கேயும் செருப்பைக் கழற்றிப் போட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும்.

ஒரு வருஷம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிஜோ கூப்பிட்டபோது, எழுதி வைக்காமல், யோசிக்காமல், நிறுத்தாமல் அவனிடம் தாய்லாந்து பாஷையில் பேசினாள். மகள் ஜின்சி எந்த வகுப்பு, மாமிக்கு முட்டுவலி எப்படி, கடல் இந்த வாரம் எப்படி, எல்லாம். கேட்கக் கேட்க அவன் முகம் விழுந்தது. பாவி மகள், அதை ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டாள்.

"கொள்ளாம்" என்றான். "ஆனா பேச வந்தா மட்டும் போதாது. இங்க உள்ளவங்க பழக்கவழக்கம் தெரியணும். ஆளுக்கு முன்ன எப்படி நிக்கணும், எப்படி இருக்கணும், எல்லாம் கணக்கு உண்டு. ஒரு தப்பு செஞ்சா எனக்க மானம் போயிரும். அதையும் படி."

நல்லாயிருக்கிறதே கதை! பரீட்சை எழுதி முடித்தவளிடம் இன்னொரு கேள்வித்தாளை நீட்டுகிறான். வேறு யாராவது என்றால் போனை எறிந்திருப்பார்கள். இவள் க்ரூ நிட்டிடம் போய், "எனக்கு உங்கள் பழக்கவழக்கம் எல்லாம் சொல்லித்தர வேண்டும்" என்று கைகூப்பி நின்றாள். தன் குழியை வெட்டச் சொல்லி ரிஜோவே அவளிடம் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தது அன்றைக்குத்தான். அது அவனுக்கும் தெரியவில்லை.

க்ரூ நிட் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். தலை புனிதமானது, யார் தலையையும் தொடாதே. காலை நீட்டி யார் பக்கமும் காட்டாதே. பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது குனிந்து கடந்து போ. எல்லாவற்றையும்விட முக்கியமாக 'க்ரெங் ஜாய்' என்று ஒன்று. அடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொள்வது.

"எங்கள் ஆட்கள் கெட்ட செய்தியை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்" என்றாள் க்ரூ நிட். "சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வேறு. கண் சிரிக்காது. அதைப் பார்த்தால் நீதான் புரிந்துகொள்ள வேண்டும்."

அந்தச் சிரிப்பை நடித்தும் காட்டினாள். ஜெனிலா அதைக் கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்த்தாள்.

இந்த ஏப்ரலில் ஜின்சிக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. பூசை முடிந்து வந்ததும் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று ஒரே அழுகை. ரிஜோ எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. பிறகு ததேயுஸின் நம்பருக்கு வீடியோ போட்டாள். யாரோ சட்டென்று எடுத்து, போன் கைமாறி, ரிஜோவின் முகம் வந்தது. வெள்ளைப் பட்டுச் சட்டை. நெற்றியில் வெள்ளையாக மூன்று பொட்டு. கையில் கற்றையாக வெள்ளை நூல். பின்னால் ஒரே கொட்டுச் சத்தம்.

"அப்பா!" என்றாள் ஜின்சி. ஜெனிலா அதற்குள் இரண்டு முகமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பிள்ளை வளர்ந்த பிறகு அப்பாவும் மகளும் ஒரே படத்தில் இருப்பது வீட்டில் வேறு கிடையாது.

"கடையில விசேஷம், பொறவு விளிக்கேன்" என்று ரிஜோ வைத்துவிட்டான்.

அவன் வைத்ததுதான் தாமதம், அவனைப் பெற்ற மாமி செசிலி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "மாதாவே! எனக்க பிள்ள நெத்தியில திருநீறு பூசிட்டானே! ஞானஸ்நானம் வாங்குன நெத்தியாச்சே! கையில மந்திரிச்ச கயிறு வேற! பிள்ளைக்க புதுநன்மை அன்னைக்கா எனக்கு இத காட்டணும்?"

மாமிக்கு அவன் வேதம் மாறிவிட்டான் என்ற ஒரே பயம்தான். சாமியாரிடம் போய்ச் சொல்லி அழுதாள். செய்தி கம்பெனிவரை வந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரரு காவடி எடுக்காராமே?" என்றாள் ஸ்மிதா.

யார் எழுந்து நின்று அவனுக்காகப் பேசியது? ஜெனிலாதான். "மாமி, அது திருநீறு இல்ல. நமக்கு சித்திரை விசு போல அவங்களுக்கு இப்பம் வருசப்பொறப்பு, சொங்க்ரான்னு பேரு. வெள்ளப் பொடியக் கரைச்சு ஒருத்தருக்கொருத்தர் பூசுவாவ, தண்ணிய கோரி ஊத்துவாவ. நூலும் நல்லதுக்குக் கெட்டுததுதான். நான் படிச்சிருக்கேம்லா" என்று மாமியிடம் சொன்னாள், கம்பெனியில் சொன்னாள், சாமியாரிடமும் போய் விளக்கிச் சொன்னாள். சாமியாரே, "கொள்ளாம் பிள்ள, நல்லா படிச்சிருக்க" என்று அனுப்பிவைத்தார். கட்டியவனுக்கு வக்காலத்து வாங்கி, ஊரோடு வாதாடி ஜெயித்தாள். அந்தப் படத்தைப் போனின் முகப்பிலும் வைத்துக்கொண்டாள்.

மே மாதத்தில் ஒரு வகுப்பில், உன் குடும்பத்தைப் பற்றிச் சொல் என்றாள் க்ரூ நிட். ஜெனிலா அந்தப் படத்தை அனுப்பிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். இது என் மகள். இது என் கணவர், பூகெட்டில் சமையல்காரர்.

"உன் கணவரா?"

"ஆமா கா."

"எப்போது எடுத்தது?"

"போன மாதம்."

க்ரூ நிட் சிரித்தாள். உதடு மட்டும் சிரித்தது. மகள் அழகாக இருக்கிறாள் என்றாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு நெட் சரியில்லை என்று வகுப்பைப் பாதியில் முடித்துக்கொண்டாள். நெட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தச் சிரிப்பு எது என்று ஜெனிலாவுக்குத் தெரியும். தெரியும்படி சொல்லிக்கொடுத்ததே க்ரூ நிட்தானே. ஏதோ ஒன்று இருக்கிறது, அதை டீச்சர் வாய்க்குள் அடக்கிக்கொண்டாள். அன்றைக்கு இரவுச் சோறு இறங்கவில்லை. என்னவோ ஏதோ என்று மாமி சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வகுப்பில் க்ரூ நிட், "இன்றைக்குப் புத்தகம் வேண்டாம். எங்கள் ஊர்க் கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன்" என்றாள். தன் தம்பியின் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினாள். நீளமான கொட்டு அடித்து ஆடிக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம். வாழைக்கன்று, கரும்பு, பலகாரம், முன்னால் வெற்றிலையும் பாக்கும் வைத்த வெள்ளித் தட்டு. பெண்வீட்டார் வாசலில் சங்கிலியைக் குறுக்கே பிடித்து மறிக்கிறார்கள், மாப்பிள்ளை ஏதாவது கொடுத்தால்தான் வழி விடுவார்கள். ஜெனிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊரைப் போலவே" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த காட்சியைப் பார்த்தாள். மாப்பிள்ளை முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறான். பெரியவர் ஒருவர் விரல் நுனியால் வெள்ளைச் சாந்தைத் தொட்டு அவன் நெற்றியில் வைக்கிறார். மூன்று பொட்டு. பிறகு ஒவ்வொருவராக வந்து அவன் கையில் வெள்ளை நூல் கட்டுகிறார்கள்.

"சொங்க்ரானில் பூசுவது கன்னமெல்லாம் அப்பிக் கிடக்கும்" என்றாள் க்ரூ நிட் மெதுவாக. "இது அப்படி அல்ல." ரிஜோவின் பெயரை அவள் எடுக்கவே இல்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஜெனிலா கேட்டாள். "மாப்பிள்ளை வெளியூர்க்காரன், அவனுக்கு அங்கே சொந்தம் என்று யாரும் இல்லை என்றால்?"

"யாராவது ஒரு பெரியவர் அவன் பக்கம் நிற்க வேண்டும். ஆள் இல்லாமல் பெண் கொடுக்க மாட்டோம். தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வருகிறவர் அவர்தான். பெண்ணின் அப்பா அவரிடம்தான் கேட்பார், இவனுக்கு வேறு மனைவி இல்லையே என்று. அவர் சொல்வதுதான் வாக்கு. நாளைக்கு ஒன்று என்றால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்."

கோயிலில் மூன்று ஓலை வாசித்தது ஜெனிலாவுக்கு ஓர்மை வந்தது. தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

வகுப்பு முடிந்து போனின் முகப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இத்தனை நாளும் ரிஜோவின் முகத்தையும் பிள்ளையின் முகத்தையும் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். இப்போதுதான் ஓரத்தைப் பார்த்தாள். ரிஜோவின் தோளுக்குப் பின்னால் ஒரு வெள்ளித் தட்டின் விளிம்பு, அதில் அடுக்கிய வெற்றிலை. தட்டை அடியில் தாங்கிப் பிடித்திருக்கிற ஒரு இடது கை. அந்தக் கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதியோடு நின்றிருந்தன.

அவள் அழவில்லை என்று சொன்னால் பொய். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். ஆனால் ரிஜோவுக்காக அழுதது கொஞ்சம்தான். புருஷன் என்கிறவன் எங்கிருந்தோ வந்தவன், போய்விட்டான், சவம் போகட்டும். அந்தக் கை எங்கிருந்தோ வந்த கை இல்லை. அந்தக் கை சோறு போட்ட கை. அவளைப் பிடித்து ரோடு தாண்டவைத்த கை. பீடத்துக்கு ரிஜோவைக் கூட்டிவந்து அவள் பக்கத்தில் நிறுத்திய அதே கை, அதே ரிஜோவை இன்னொருத்தி வாசலுக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. யாரிடம் போய் இதைச் சொல்ல? எது என்றாலும் ஒரு வார்த்தை கேட்க அவளுக்கு இருந்த ஆளே அவன்தானே.

ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ரிஜோ கூப்பிட்டால் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். ததேயுஸ் திருவிழாவுக்கு லீவில் வருகிறான் என்று தெரியும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

வந்தான். அடுத்த தெருவில் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை பை நிறைய மிட்டாயும் ஜின்சிக்கு ஒரு குடையுமாகத் தங்கச்சி வீட்டுக்கு வந்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தாள். மாமி வாசற்படியில் இருந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜெனிலா சாயா போட்டுக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"என்ன மக்கா, மெலிஞ்சு போயிட்ட? வேல கூடுதலா?" என்றான்.

"அது கெடக்கட்டு அண்ணே. தட்டு ரொம்ப கனமா இருந்துச்சா?"

"எந்தத் தட்டு?"

"வெத்தில பாக்கு வச்ச வெள்ளித் தட்டு. நீ எடுத்துட்டுப் போனியே. வாசல்ல சங்கிலி பிடிச்சு மறிச்சிருப்பாவளே, எத்தன சங்கிலி தாண்டுன?"

ததேயுஸ் சாயாவைக் கீழே வைத்தான். இடது கையைத் தானாகவே மடிக்குள் இழுத்துக்கொண்டான். "ஆரு சொன்னா?" என்றான்.

இல்லை என்றுகூட சொல்லவில்லை பாருங்கள். ஆரு சொன்னா என்றுதான் கேட்டான். ஜெனிலா அதற்காகத்தான் ஒரு மாதம் காத்துக் கிடந்தாள், ஒருவேளை அண்ணன் இல்லை என்று சொல்லிவிட மாட்டானா என்று.

"ஒருத்தரும் சொல்லல்ல. படிச்சேன். நீங்க ரெண்டு பேரும் படிக்கச் சொன்னீயள்லா."

"மக்கா, ஒரு நிமிசம் பொறுமையா கேளு. அந்தப் பெண்ணு முதலாளிக்க மகளாக்கும். வயித்துல உண்டாயிட்டு. கெட்டல்லேன்னா அவனையும் வெட்டியிருப்பாவ, என்னையும் வெரட்டியிருப்பாவ. எனக்கும் ரெண்டு பிள்ளைகள் உண்டு. அவன் அங்க ஒத்தைக்கு நின்னான். அவனுக்கு அங்க வேற ஆரு உண்டு, சொல்லு?"

"எனக்கு இங்க ஆரு உண்டு அண்ணே?"

ததேயுஸ் மிட்டாய்ப் பையை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள். "பாஷை படிச்சாத்தான் கூட்டிட்டுப் போவேன்னு சொன்னது. அது அவருக்க ரோசனையா?"

ததேயுஸ் தரையைப் பார்த்தான். வாசலில் மாமியின் கை நெத்திலியில் அப்படியே நின்றுவிட்டது.

"எனக்க ரோசனதான்" என்றான். "அந்தப் பெண்ணுகூட உள்ள தொடர்பு அப்பமே தொடங்கிட்டு. நீ டிக்கெட் போடச் சொல்லி அவன நெருக்குன. கடினமான பாஷை, ரெண்டு மாசத்துல மடுத்து நீயே விட்டிருவன்னு நெனச்சேன். நீ படிச்சிருவன்னு ஆரு கண்டா?"

கை வலையிலும் வாய் பாஷையிலுமாக எத்தனை நாள்! ஊர் சிரிக்க, கம்பெனி சிரிக்க, நாக்கைத் திருப்பித் திருப்பிப் படித்ததெல்லாம் அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்க அண்ணன் போட்டுக்கொடுத்த வேலை. ஒருவேளை அவள் மக்குப் பிள்ளையாக இருந்திருந்தால் இவர்களுக்கு எவ்வளவு நிம்மதி.

"அப்பம் அது திருநீறு இல்லியா?" என்றாள் மாமி வாசற்படியிலிருந்து. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மாமி மீன்கையோடு சுவரில் சாய்ந்து, "அதுக்கு அவன் திருநீறே பூசியிருக்கலாமே" என்று அழ ஆரம்பித்தாள்.

"மக்கா, ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்க" என்றான் ததேயுஸ். "அவன் உனக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வைக்க மாட்டான். நான் பாத்துக்கிடுதேன். முதலாளி வீட்டுல மட்டும் தெரியாண்டாம். அவங்களுக்கும் மானம் உண்டுல்லா."

"அப்பம் அவங்களுக்கும் தெரியாது."

"தெரியாது. ஆளு ஒத்தைன்னுதான் சொல்லியிருக்கு."

"ஆரு சொன்னா?"

தட்டு எடுத்தவன்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

கடை நம்பர் ஜெனிலாவின் போனில் நாலு வருஷமாகக் கிடந்தது. அந்த நம்பருக்கு மட்டும் கூப்பிட்டுவிடாதே, அங்கே உள்ளவர்களுக்கு நம்ம பேச்சு மனசிலாகாது என்று ரிஜோ சொல்லியிருந்தான். இப்போது அவர்கள் பேச்சு இவளுக்கு மனசிலாகும். வீடியோ போட்டாள்.

"ஏட்டி, என்ன செய்யுத? போன வை!" ததேயுஸ் எழுந்தான். அவள் ஒரு கையை நீட்டி அவனை நிறுத்தினாள். அந்த வீட்டில் அவனுக்கு முன்னால் அவள் கையை நீட்டியது அதுதான் முதல் தடவை.

எடுத்தது ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். வட்ட முகம், கழுத்தில் புதுச் சங்கிலி, கொஞ்சம் தெரிய ஆரம்பித்த வயிறு. சிரித்துக்கொண்டே எடுத்தாள். ஜெனிலா போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, கைகூப்பி, தலை தாழ்த்தி, "சவாதீ கா" என்றாள். பதறவில்லை. க்ரூ நிட் கேட்டிருந்தால் ஒரு இடத்திலும் திருத்தியிருக்க மாட்டாள். நான் இந்தியாவிலிருந்து பேசுகிறேன். ரிஜோ கோயிலில் வைத்துத் தாலி கட்டிய மனைவி நான். எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை தங்கச்சி, என்னிடம் மறைத்ததைப் போலத்தான் உன்னிடமும் மறைத்திருக்கிறார்கள். உங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைக்குத் தட்டு எடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் என் கூடப்பிறந்த அண்ணன். இங்கேதான் இருக்கிறார், கேட்டுக்கொள்.

சொல்லிவிட்டுப் போனைத் திருப்பி ததேயுஸின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, எப்படி இறக்குவது என்று தெரியாமல். "லுங்" என்றாள், தன் வீட்டுப் பெரியவரைக் கூப்பிடுகிற மாதிரி. "லுங், ஜிங் மை?"

மாமி அழுகையை நிறுத்திவிட்டு, "என்னட்டி சொல்லுதா?" என்றாள்.

"பெரியப்பா, இது உள்ளதா, நெசமான்னு கேக்கா மாமி."

ததேயுஸ் போனையும் பார்க்கவில்லை, தங்கச்சியையும் பார்க்கவில்லை. விரல் குறைந்த கையால் முகத்தை மூடிக்கொண்டான். ஜெனிலா அந்தக் கையைப் பிடித்து முகத்திலிருந்து இறக்கினாள்.

"சொல்லு அண்ணே" என்றாள். "தட்டு நீதானே எடுத்த."